ஓசிடி உள்ள பிள்ளைக்கு மாத்திரையா, பயிற்சியா: எல்லையோரக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

பாலக்காட்டில் பார்த்த மனநல டாக்டர் ஓசிடி என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார். கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா, "பதினோரு வயசுப் பையனுக்கு எதுக்குங்க மாத்திரை? முதல்ல கவுன்சலிங் கூட்டிட்டுப் போங்க" என்பார். அப்பத்தா ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டாயிற்று. மாத்திரை அட்டை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும். கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம், மீனாட்சிபுரம் என்று தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவின் தமிழ் ஊர்களில் பள்ளி ஆசிரியர்களிடம் வரும் கேள்வி பெரும்பாலும் இந்த நிலையில்தான் வரும். நானும் ஆசிரியன்தான், டாக்டர் அல்ல. ஆனால் இந்த நோய்க்கு எது எவ்வளவு பலன் தரும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றை நம் ஊர் நிலவரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் முடிவெடுப்பது அவ்வளவு கடினமில்லை.

ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோயைப் பற்றிச் சுருக்கமாக. வேண்டாத எண்ணம் ஒன்று பிள்ளையின் மனதில் திரும்பத் திரும்ப வரும். அதனால் எழும் பதற்றத்தைத் தணிக்க ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டியிருக்கும். கை கழுவுவது, கதவைச் சரிபார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள் ஒரு வரியைச் சொல்லிக்கொள்வது, அம்மாவிடம் ஒரே கேள்வியைக் கேட்பது என்று அது எதுவாகவும் இருக்கலாம். செய்ததும் பதற்றம் அடங்கும். அடங்கியதாலேயே மூளை அந்தக் காரியத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை எண்ணம் வரும்போது அதைச் செய்யாமல் இருப்பது இன்னும் கடினமாகும். கேரளத்தில் 73 பள்ளிகளில் 12 முதல் 18 வயது வரையிலான 7,560 மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில் 0.8 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால் ஏழெட்டுப் பேர்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்டது கை கழுவும் பழக்கம் அல்ல. வெளியே சொல்லக் கூசும் எண்ணங்கள்தான். சாமி படத்தைப் பார்த்ததும் கெட்ட வார்த்தை மனதில் வருவது, தங்கச்சியைக் கத்தியால் குத்திவிடுவோமோ என்ற பயம், பாலியல் தொடர்பான அருவருப்பான காட்சிகள். நம் பக்கத்து ராவுத்தர் வீடுகளில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளுவைச் சரியாகச் செய்தோமா என்று திரும்பத் திரும்பச் சந்தேகப்படும் பிள்ளையைப் பார்த்ததும் 'வஸ்வாஸ்', அதாவது ஓயாத சந்தேகம் என்று பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் இப்படிப்பட்ட பிள்ளை சொல்லவும் மாட்டான், பெற்றோருக்குத் தெரியவும் தெரியாது. 'எப்பப் பார்த்தாலும் யோசனையிலேயே இருக்கான்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்படி எண்ணம் வருகிற பிள்ளை கெட்ட பிள்ளை இல்லை. அந்த எண்ணம் அவனுக்கே சகிக்கவில்லை என்பதால்தான் இத்தனை பாடு.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். பேச்சில் நாலைந்து வழிகள் அடிபட்டாலும் ஆய்வு ஆதாரத்தோடு நிற்பவை இரண்டுதான்: எதிர்கொள்ளும் பயிற்சி, மூளையில் இருக்கும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த மாத்திரை. மற்றவையெல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் சேர்ப்பது, எந்த வழியாகப் பெறுவது என்பவைதான்.

பயிற்சி என்றால் எந்தப் பயிற்சி

சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை) என்ற பெயரில் பல சிகிச்சைகள் நடக்கின்றன. ஓசிடிக்கு வேலை செய்கிற பகுதி அதற்குள் இருக்கும் ஈஆர்பி: பயப்படும் பொருளையோ எண்ணத்தையோ பிள்ளை வேண்டுமென்றே எதிர்கொள்வான், அதற்கு வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருப்பான். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இந்த முறையில் பலன் கண்டு எழுதியதிலிருந்து இது வளர்ந்தது.

நடைமுறையில் எப்படி இருக்கும்? பஸ் கம்பியைத் தொட்டால் நோய் வந்து அம்மாவுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளலாம். தெரபிஸ்ட் முதலில் அவனோடு உட்கார்ந்து பயங்களை வரிசைப்படுத்துவார். வகுப்பு பெஞ்சைத் தொடுவது பத்துக்கு மூன்று, பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் திண்ணை ஐந்து, கேஎஸ்ஆர்டிசி பஸ் கம்பி எட்டு, பஸ் கம்பியைத் தொட்ட கையோடு முறுக்குத் தின்பது பத்து. மூன்றில் ஆரம்பிப்பார்கள். தொட வேண்டும், கழுவக் கூடாது. பதற்றம் ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், தானாகவே இறங்கும். இறங்காத நாளும் உண்டு. அப்போதும் அவன் ஒன்றைக் கற்றுக்கொள்கிறான்: பதற்றத்தோடு இருக்க முடிகிறது, பயந்தது நடக்கவில்லை. வீட்டில் அதே பயிற்சி தினமும் நடக்க வேண்டும். அடுத்த வாரம் அடுத்த படி.

இதில் 'உனக்கு ஒண்ணும் ஆகாது' என்று தைரியம் சொல்வது கிடையாது. சொன்னால் அந்தத் தைரியமே புதிய சடங்காகிவிடும். மணிக்கணக்கில் பேசி ஆறுதல் தரும் கவுன்சலிங், பிள்ளையைச் சிரிக்க வைத்து அனுப்பினாலும், இந்த நோயைத் தொடுவதில்லை.

இதன் பலனை அளந்த முக்கியமான ஆய்வு 2004இல் அமெரிக்காவில் வெளியானது. 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரை நான்காகப் பிரித்து 12 வாரம் சிகிச்சை தந்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி மட்டும், ஒன்றுக்கு செர்ட்ராலின் மாத்திரை மட்டும், ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. நோய் ஏறக்குறைய அடங்கிவிட்டது என்று சொல்லும் நிலையை எட்டியவர்கள்: இரண்டும் பெற்றவர்களில் 53.6 சதவீதம், பயிற்சி மட்டும் 39.3, மாத்திரை மட்டும் 21.4, வெற்று மாத்திரை 3.6.

இந்த நான்கு எண்களை மட்டும் பார்த்தால் கூட்டுச் சிகிச்சைதான் வெற்றி என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண்ணில் கூட்டு முந்தியிருந்தாலும், நோய் அடங்கியவர்களின் எண்ணிக்கையில் கூட்டுக்கும் பயிற்சிக்கும் இருந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்றான பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பயிற்சி மட்டும் பெற்ற பிள்ளைகள் கூட்டுச் சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே முன்னேறினார்கள். இன்னோர் இடமான டியூக் பல்கலைக்கழகத்தில் அதே பயிற்சி, அதே கையேடு, ஆனால் பலன் அவ்வளவு இல்லை. கூட்டுச் சிகிச்சையில் மட்டும் இடத்துக்கு இடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களிலேயே சொல்லித்தருபவர் மாறினால் பலன் மாறுகிறது என்றால், நம் பக்கம் எவ்வளவு மாறும்? யார் தருகிறார் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் மாத்திரையும் சேர்ந்திருப்பது ஒரு காப்பு என்று இதை நான் படிக்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு? 5 முதல் 8 வயது வரை உள்ள 127 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2014இல் வந்தது. பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு நடத்திய ஈஆர்பியில் 72 சதவீதம் பேர் நன்றாக முன்னேறினார்கள். மூச்சு, தசை தளர்த்தும் ஓய்வுப் பயிற்சியில் 41 சதவீதம். யூடியூப் மூச்சுப்பயிற்சிக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களுக்கு இந்த 41 ஆறுதலாக இருக்கலாம். எனக்கு அந்த 31 சதவீத இடைவெளிதான் கண்ணில் படுகிறது.

டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வு இதைவிடப் பெரியது. 269 பிள்ளைகள், 14 வாரப் பயிற்சி, அதுவும் சிறப்புப் பல்கலைக்கழகத்தில் அல்லாமல் சாதாரண மனநல மையங்களில். 72.6 சதவீதம் பேருக்குப் பலன் இருந்தது. பலன் போதாதவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு செர்ட்ராலினும் மறு பாதிக்கு இன்னும் சில மாதம் அதே பயிற்சியும் தந்தார்கள். இரண்டிலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பயிற்சி தொடர்ந்தவர்களில் 50 சதவீதம், மாத்திரையில் 45. பத்துப் பதினாலு வாரம் போய்ப் பார்த்தோம், சரிப்படவில்லை என்று விட்டுவிட நினைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். முதல் சுற்று போதாமல் போவது தோல்வி இல்லை. நடந்தது உண்மையில் ஈஆர்பிதானா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மாத்திரையைப் பற்றிய பயமும் உண்மையும்

பிள்ளைகளின் ஓசிடிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்திருப்பவை நான்கு: செர்ட்ராலின் 6 வயதிலிருந்து, ஃப்ளூயாக்ஸெட்டின் 7, ஃப்ளூவோக்ஸமைன் 8, க்ளோமிப்ரமைன் 10. கடைசியாகச் சொன்னது பழைய மருந்து, வீரியமானது. வாய் உலர்தல், மலச்சிக்கல், இதயத் துடிப்பில் மாற்றம் போன்றவை வரலாம் என்பதால் இசிஜி பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே அதை முதல் மருந்தாகத் தருவதில்லை. மற்ற மூன்றில் எது என்பதை டாக்டரிடம் விட்டுவிடலாம். அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை.

இவை தூக்க மாத்திரைகள் அல்ல, போதை ஏற்றுபவை அல்ல, வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டியவையும் அல்ல. ஆனால் மெதுவாகத்தான் வேலை செய்யும். சரியான அளவுக்கு ஏற்றிய பிறகு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில், 'ஒரு மாற்றமும் இல்லை' என்று நிறுத்திவிட்டு வேறு டாக்டரிடம் போய், அங்கேயும் மூன்று வாரம் பார்த்து நிறுத்துவது நம் பக்கம் வெகு சாதாரணம். அப்படிச் செய்தால் எந்த மருந்தும் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டதாக ஆகாது.

பலனும் மிதமானதுதான். சடங்குகள் கணிசமாகக் குறையும்; முழுவதும் போய்விடுவது மாத்திரை மட்டும் எடுப்பவர்களில் சிறுபான்மையினருக்குத்தான். 1998இல் 187 பிள்ளைகளிடம் செர்ட்ராலினைச் சோதித்தபோது மருந்து எடுத்தவர்களில் 42 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26 சதவீதமும் நன்றாக முன்னேறினார்கள்.

தற்கொலை எண்ண எச்சரிக்கை பற்றி மெடிக்கல் ஷாப்பில் தரும் துண்டுச்சீட்டில் படித்துவிட்டு மருந்தை ஒளித்து வைக்கும் பெற்றோர் உண்டு. அந்த எச்சரிக்கை 2004இல் வந்தது. இத்தகைய மருந்துகளைப் பிள்ளைகளிடம் சோதித்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தற்கொலை எண்ணமோ நடத்தையோ மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதமும் வெற்று மாத்திரையில் 2 சதவீதமும் காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் எந்தப் பிள்ளையும் இறக்கவில்லை. ஆகவே செய்ய வேண்டியது கவனிப்பது: முதல் சில வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் தூக்கம் கெடுகிறதா, இருப்புக் கொள்ளாமல் அலைகிறானா, திடீரென்று எரிந்து விழுகிறானா, சாவைப் பற்றிப் பேசுகிறானா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யலாம். டாக்டர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேட்காமல் திடீரென்று மருந்தை நிறுத்துவது மட்டும் கூடாது. ஓசிடியைச் சிகிச்சை இல்லாமல் விடுவதிலும் இதே ஆபத்து உண்டு என்பதை மாத்திரைக்குப் பயப்படுகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

தன்னையறியாமல் திடீர் திடீரென்று கண் சிமிட்டுவது, தோளைக் குலுக்குவது, தொண்டையைச் செருமுவது போன்ற டிக்ஸ் உள்ள பிள்ளை என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். 2004 ஆய்வில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு செர்ட்ராலின் மட்டும் தந்தது வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக உதவவில்லை, பயிற்சி உதவியது. டாக்டரிடம் டிக்ஸ் பற்றி மறக்காமல் சொல்லுங்கள். அதேபோல, நேற்று வரை நன்றாக இருந்த சின்னப் பிள்ளைக்குத் தொண்டை வலிக் காய்ச்சலுக்குப் பின் ஓரிரு நாளில் கடுமையான ஓசிடி வந்திருந்தால், அதையும் சொல்ல வேண்டும். அதற்குத் தனியாகப் பரிசோதனை இருக்கிறது. நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

நம் பக்கத்துக்கு மிக முக்கியமான ஆய்வு

என்னைக் கேட்டால், எல்லையோரக் குடும்பங்கள் ஒரே ஒரு ஆய்வைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் அது 2011இல் வந்தது. மாத்திரை எடுத்தும் பாதி பலனோடு நின்றுவிட்ட 124 பிள்ளைகள். மூன்று குழு. முதல் குழுவுக்கு மாத்திரை தொடரும். இரண்டாவது குழுவுக்கு மாத்திரையோடு, அதை எழுதும் டாக்டரே ஈஆர்பி எப்படிச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பார். வீட்டில் செய்து பார்க்க வேண்டும். மூன்றாவது குழுவுக்கு மாத்திரையோடு, பயிற்சி பெற்ற உளவியலாளர் முழு ஈஆர்பியையும் நேரில் நடத்துவார். முன்னேறியவர்கள்: முதல் குழுவில் 30 சதவீதம், இரண்டாவதில் 34, மூன்றாவதில் 68.6.

30க்கும் 34க்கும் இடையில் ஒன்றுமே இல்லை. நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டாவது குழுவின் சிகிச்சைதான். சொல்லப்போனால் அதைவிடக் குறைவு. டோக்கன் வாங்கி உட்கார்ந்து, உள்ளே போனதும், "கை கழுவறதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கோ கண்ணு, பயப்படாதே" என்று டாக்டர் அன்பாகச் சொல்லி அனுப்புவார். அவர்மேல் தப்பில்லை, வெளியே அறுபது பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் அதையே 'தெரபியும் பார்த்தாச்சு' என்று கணக்கில் எழுதிக்கொண்டால், பிள்ளைக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத சிகிச்சை பலனளிக்கவில்லை என்று தள்ளுபடி ஆகிவிடும்.

நீச்சல் சொல்லித் தருகிறவர் தண்ணீருக்குள் கூட இறங்க வேண்டும். கிணற்று மேட்டில் நின்று கை வீசிக் காட்டிப் பயனில்லை. ஆகவே நான் ஒப்பிட வேண்டியது என்று நினைப்பது மாத்திரையையும் பயிற்சியையும் அல்ல. வாரம் தவறாமல் நடக்கிற உண்மையான ஈஆர்பி உங்கள் கைக்கு எட்டுமா, எட்டாதா? எட்டும் என்றால், மிதமான நோய்க்கு அதிலேயே ஆரம்பிக்கலாம். எட்டாது என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரையைத் தொடங்கிவிட்டு ஈஆர்பியைத் தேட வேண்டும்.

எங்கே போவது

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பார்த்தால் பாலக்காடு ஒரு பக்கம், கோயம்புத்தூர் ஒரு பக்கம், பொள்ளாச்சி ஒரு பக்கம். மூன்றுக்கும் பஸ் உண்டு. நோயைக் கண்டறியவும் மாத்திரை தொடங்கவும் பாலக்காடு போதும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் கிடைக்கும், கேரள ரேஷன் கார்டும் இன்சூரன்ஸ் கார்டும் அங்கே செல்லும். தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு என்பதால் கோயம்புத்தூருக்குப் போகும் கேரளக் குடும்பம் அதை நம்பிப் போகக் கூடாது. கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவு வேறு விஷயம்; அங்கே காட்டலாம்.

பயிற்சிக்கு மொழி குறுக்கே வரும். டாக்டர் மலையாளத்தில் கேட்டு நாம் தமிழில் சொன்னாலும் நோயைப் புரிந்துகொள்வதில் சிக்கல் இல்லை; நம் பக்கத்து டாக்டர்களுக்கு அது பழக்கம். ஆனால் ஈஆர்பியில், சாமியைப் பற்றி மனதில் வருகிற கெட்ட வார்த்தையைப் பிள்ளையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுத வேண்டும், எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். அது அவன் பயப்படும் மொழியில் இருந்தால்தான் உறைக்கும். தமிழ் மீடியத்தில் படிக்கிற, வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்குத் தமிழ் பேசும் தெரபிஸ்ட் கிடைத்தால் கோயம்புத்தூர் வரை போவது வீண் அலைச்சல் இல்லை. தெருவில் மலையாளப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்து இரண்டும் சரளமாகப் பேசுகிறவன் என்றால் பாலக்காடோ திருச்சூரோ எது பக்கமோ அது. பிள்ளையையே கேளுங்கள், அவனுக்குத் தெரியும்.

பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. சிக்கலான நோய்க்கு, இரண்டு மருந்து பார்த்தும் அசையாத நோய்க்கு, அங்கே போய் ஒருமுறை முழுமையாகக் காட்டுவது நல்லது. ஆனால் முதல் படியாகவே 'பெரிய இடம்' என்று அங்கே ஓட வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ராத்திரி ரயிலேறிப் போய்க் கிடைக்கும் மிகச் சிறந்த ஆலோசனையைவிட, கோயம்புத்தூரில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கிற நடுத்தரமான ஈஆர்பி இந்த நோய்க்கு அதிகம் செய்யும்.

போவதற்கு முன் போனில் கேட்டுவிடுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு செய்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? ஓசிடி பிள்ளைகளுக்கு ஈஆர்பி செய்திருக்கிறாரா? பயப்படும் காரியத்தை அவர் முன்னாலேயே பிள்ளை செய்வானா, அறைக்கு வெளியே கூட்டிப் போவாரா? வீட்டுக்குப் பயிற்சி தருவாரா, எங்களையும் உட்கார வைப்பாரா? 'முதலில் பத்து உட்காரலுக்கு (செஷனுக்கு) மனசு விட்டுப் பேசுவோம், ஆழ்மனதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போன் செய்யலாம்.

நேரில் வாராவாரம் போக வழியே இல்லையா? ஸ்வீடனில் 8 முதல் 17 வயது வரையிலான 152 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இதற்காகவே செய்தது போல இருக்கிறது. ஒரு குழுவுக்கு முதலில் இணையவழி ஈஆர்பி. அதில் சரியாகாதவர்களுக்கு மட்டும் பிறகு நேரில். இன்னொரு குழுவுக்கு ஆரம்பத்திலிருந்தே நேரில். ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் முதல் வழி இரண்டாவதற்குச் சளைக்கவில்லை. இணையவழியில் ஆரம்பித்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நேரில் போகும் தேவையே வரவில்லை. அங்கே பின்னால் ஒரு தெரபிஸ்ட் இருந்து செய்தி அனுப்பி நடத்திக்கொண்டே இருந்தார். ஏதோ ஒரு செயலியை இறக்கிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவது அதுவாகாது. வீடியோ காலில் பார்க்கும் தமிழ் தெரபிஸ்ட் சென்னையிலோ மதுரையிலோ இருந்தால்கூடப் போதும். சொல்லப்போனால், ஓசிடி நடக்கும் இடமே வீட்டுக் குளியலறையும் பூஜை அலமாரியும்தானே. போனை அங்கேயே எடுத்துப் போய் நிற்கலாம்.

வீட்டார் செய்வது

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இது ஒன்று நடக்காவிட்டால் பலன் பாதிதான். ஓசிடி பிள்ளையின் வீட்டில் எல்லோருமே நோய்க்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள். "கேஸ் அணைச்சாச்சா அம்மா?" "அணைச்சாச்சு சாமி." "சத்தியமா?" "சத்தியமா." இரவுக்கு இருபது முறை. அப்பா தனித் துண்டு, தனித் தட்டு. அக்கா பள்ளியிலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் கூடத்துக்குள் வர வேண்டும். அன்பால் செய்வதுதான், செய்யாவிட்டால் வீடு ரணகளமாகும் என்ற பயமும் கூட. ஆனால் ஒவ்வொரு 'அணைச்சாச்சு சாமி'யும் அந்தச் சடங்கின் ஒரு பாதி.

இதைத் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி, படிப்படியாக. "இது நீ கேக்கறது இல்ல கண்ணு, ஓசிடி கேக்குது. ஒரு தரம் சொல்லிட்டேன், இனி சொல்ல மாட்டேன், நீ சமாளிச்சிருவே" என்ற அளவில். கூட்டுக்குடும்பத்தில் கஷ்டம் இன்னும் அதிகம். அம்மா பதில் சொல்லாவிட்டால் அப்பத்தாவிடம் போவான், அப்பத்தா கண் கலங்கிச் சொல்லிவிடுவார். ஆகவே முதல் சந்திப்புக்கு அப்பத்தாவையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் அவர் ஒப்புக்கொள்வார். மருமகள் சொன்னால் மாட்டார். கோயில் வேண்டுதலை யாரும் தடுக்க வேண்டியதில்லை. பிள்ளையின் பயமே சாமி குற்றம் பற்றியதாக இருந்தால் மட்டும் பரிகாரம், கயிறு, மந்திரிப்பு எல்லாம் சடங்குப் பட்டியலில் இன்னொன்றாகச் சேரும். அப்போது தெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்

நோயின் கடுமையை 0 முதல் 40 வரை மதிப்பெண் போடும் ஓர் அளவுகோல் இருக்கிறது. பிள்ளைகளுக்கான யேல் பிரவுன் அளவுகோல் என்பார்கள். முதல் சந்திப்பிலேயே அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒப்பிட அதுதான் உதவும். 2012இல் வெளியான அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர்களின் வழிகாட்டி, லேசான, மிதமான நோய்க்குப் பயிற்சியில் தொடங்கச் சொல்கிறது. 23க்கு மேல் போனால் மாத்திரையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

ஏழு வயதுப் பெண், பள்ளிக்குப் போகிறாள், சாப்பிடுகிறாள், மதிப்பெண் 18: மாத்திரை இல்லாமல் பெற்றோரோடு சேர்ந்த ஈஆர்பி, வீடியோ வழியாகவாவது. பதினைந்து வயதுப் பையன், குளியலறையில் மூன்று மணி நேரம், இரண்டு மாதமாகப் பள்ளி இல்லை, பேச்சில் விரக்தி: அன்றைக்கே மாத்திரை, கூடவே ஈஆர்பி, எது முதலில் என்ற விவாதமே வேண்டாம். இவனுக்கு மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம், மாத்திரை கொஞ்சம் தூக்கிவிட்டால்தான் பயிற்சியில் உட்காரவே முடியும். நடுவில் இருக்கிறவனுக்கு, நல்ல தெரபிஸ்ட் வாரம் ஒருமுறை உறுதியாகக் கிடைத்தால் பயிற்சி மட்டும், பன்னிரண்டு வாரம் கழித்து அதே அளவுகோலில் மறுபடி எண் பார்ப்பது. தெரபிஸ்டுக்குக் காத்திருக்கும் பட்டியல் இரண்டு மாதத்துக்கு மேல் நீள்கிறது என்றால் அதற்குள் மாத்திரை. பணம் ஒரு பக்கம் இழுக்கும் என்பது தெரியும். மாத்திரை மலிவு, கோயம்புத்தூர் தெரபி அப்படியில்லை, பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் வேறு. அந்த நிலையில், பன்னிரண்டு பதினாலு உட்காரலுக்கு மட்டும் எப்படியாவது ஏற்பாடு செய்துகொண்டு, அதை வாராவாரம் அடுத்தடுத்து முடிப்பது, மாதம் ஒன்றாக ஒரு வருடம் இழுப்பதைவிட மேல்.

தொடங்க நல்ல காலம் ஏப்ரல், மே விடுமுறை. பள்ளி இல்லை, தினப் பயிற்சிக்கு நேரம் இருக்கும், பஸ் கம்பி வேலையெல்லாம் அவசரமில்லாமல் செய்யலாம். கடுமையான நோய்க்கு விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம். மாத்திரை எடுத்து நன்றாக ஆகிவிட்ட பிள்ளைக்கு, அந்த நிலை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை நிலைத்த பிறகு டாக்டர் அளவை மெல்லக் குறைப்பார். குறைக்கும் மாதங்களில் நோய் தலைகாட்டுவது உண்டு. எஸ்எஸ்எல்சி, பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் வருகிறது. டாக்டர் ஜனவரியில் குறைக்கலாம் என்றால், பரீட்சை முடிந்ததும் ஆரம்பிக்கலாமா என்று கேளுங்கள். அப்போது தெரபிஸ்டிடமும் ஒன்றிரண்டு உட்காரல் சொல்லி வைத்துக்கொண்டால் வசதி.